கை காட்டினால் நிற்கும் படகு

கரீபியன் கடலில் இருக்கும் கரியாக்கூ தீவில் கனூட் வாரத்தில் ஆறு நாள் மினிபஸ் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களான எங்கள் மூன்று பேரையும் தன் பாய்மரப் படகில் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தீவுக்குப் போவான். ஆனால் பஸ் புத்தி கடலிலும் போகாது. எவன் கை காட்டினாலும் நிறுத்தித் தொலைப்பான். போன ஞாயிறு பாதி வழியிலேயே படகில் ஒன்பது பேர், ஒரு ஆடு. ஆடு என் மடியில்.

"இது படகாடா, பஸ்ஸாடா?" என்று தோழி வெர்லின் கத்தினாள்.

"ஒட்டி உக்காரு தாயி, இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கு."

அப்போது ஒரு மணல் திட்டில் நின்றிருந்த மீன்காரர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார்.

"பாவம், என்ன அவசரமோ!" என்று கனூட் ஹாரனுக்குப் பதிலாக வைத்திருந்த சங்கை ஊதி, படகை அந்தப் பக்கம் திருப்பினான். மீன்காரர் இன்னும் வேகமாக ஆட்டினார். 'கர்ர்ர்' என்று படகு பாறையில் ஏறி நின்றது. ஆடு வெர்லின் தோளுக்குத் தாவியது.

"பாறை இருக்கு, வராதேன்னுதானடா கையை ஆட்டுனேன், மடையா!" என்றார் மீன்காரர்.

கனூட் அசரவில்லை.

"அதான் நிறுத்தியாச்சுல்ல அண்ணே? சீக்கிரம் ஏறுங்க."