எலியம்மாவின் கோபம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை எலியம்மா என்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. பெற்ற மகளைக் குளிப்பாட்டியதைவிட எலிக்கூண்டு கழுவியதுதான் அதிகம்.

உடலுக்குள் கிருமி நுழைந்தால் ஓர் உயிரணு அடுத்ததற்குச் சேதி சொல்லும். அந்தச் சேதியைக் கடத்தும் மரபணு ஒன்றை நீக்கி அவள் வளர்த்த எலிகள் அவை. பார்வைக்குக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். யாராவது பக்கத்தில் தும்மினால் போச்சு, கதை கந்தல். காவலுக்கு ஆள் இருந்தும் எழுப்ப ஆளில்லாத வீடு மாதிரி. அடுத்த வாரம் அந்த மரபணுவைத் திரும்பக் கொடுத்து, எதிர்ப்புச் சக்தி மீள்கிறதா என்று பார்ப்பதாக இருந்தாள். மீண்டால்தான் அந்த மரபணுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியும்.

தன் வழியாக எலிகளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்றுதான் மகளுக்குச் சளி பிடித்தபோதெல்லாம் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். "பெத்தவளாடி நீ?" என்று அக்கா கேட்டதையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். போன வாரமும் விட்டுவிட்டுத்தான், மரபணுவைத் திரும்பச் சேர்க்கும் முறையைக் கற்க வெளியூர் போனாள்.

அந்தச் சமயம் பார்த்து இயக்குநர், விருந்தாளிகளிடம் பெருமையடிக்க, முகக்கவசம்கூட இல்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எலி அறைக்குள் புகுந்திருக்கிறார். பெரிய பதவிக்கு வந்துவிட்டால் கிருமிகூட மரியாதை கொடுக்கும் என்று நினைப்பு! தடுத்த காவலாளியிடம், "எனக்கே சட்டம் சொல்றியா?" என்றாராம்.

அவள் திரும்பி வந்தபோது மரபணு நீக்கிய எலிகள் ஒன்றுவிடாமல் செத்துக் கிடந்தன. பக்கத்துக் கூண்டில் சாதாரண எலிகள் மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தன.

இயக்குநருக்கு வருத்தம் மருந்துக்கும் இல்லை. "ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? மரபணு இருந்தது பொழைச்சுது, இல்லாதது செத்துச்சு. இதைவிட என்ன சாட்சி வேணும்? எழுதிடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழுதுறேன் சார். உங்க சளியையும் சேர்த்தே எழுதுறேன்."

"வாய் ரொம்ப நீளுது."

"இவ்வளவு நாளும் மூடித்தான் சார் வச்சிருந்தேன். இனிமே யாருக்காக மூடணும்?"

கதவை அறைந்து சாத்திவிட்டு, கோபம் ஆறாமலே அக்கா வீட்டுக்குப் போனாள். மகள் மூக்குச் சிவந்து படுத்திருந்தாள். இவள் கைநீட்டி அள்ளப் போனாள். குழந்தை பதறிப்போய்ப் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"கிட்ட வராதம்மா. எலிக்கு ஆகாது."