நக்கிக் காட்டிய விரல்

நோராவுக்கு மறதி என்பதே கிடையாது. மாதா கோயில் பிரசங்கத்தில் மன்னிப்பு என்ற பேச்சு வந்தாலே பூச்சிமருந்து காண்ட்ராக்டர் நாகேஷின் முகம்தான் அவள் கண்முன் வந்து நிற்கும். மன்னிக்கலாம், முதலில் ஆள் கையில் சிக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் புருஷன் கிளிஃபர்ட் அவரிடம் மருந்தடித்தவன். "குழந்தைங்க இருக்கிற வீடு, ஒண்ணும் ஆகாதே?" என்று யாராவது இழுத்தால், நாகேஷ் சிரித்துக்கொண்டே கிளிஃபர்டைக் கூப்பிடுவார். தண்ணீரில் கலந்ததும் பால்போல் வெளுக்கும் மருந்தில் விரலை முக்கி அவன் நக்கிக் காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் நக்கினான். முகமூடியில்லாமல் அடித்தான். இப்போது டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது.

"ஈரல் கெட்டுப்போச்சு, கிட்னியும் சரியில்ல," என்றார் டாக்டர். "இந்த மருந்தை எலிக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்கம்மா. அதுக்கே ஈரல், கிட்னி, மூளை எல்லாம் அடிவாங்குது. நமக்கு மட்டும் வேற உடம்பா?"

நாகேஷிடம் போய் நியாயம் கேட்டாள். "குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டு என் மருந்து மேல பழி போடறியா?" என்றார். கிளிஃபர்ட் கிறிஸ்துமஸுக்கு ஒயின்கூடத் தொடாதவன். நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடமே வேலை கேட்டாள். பாவம் பார்த்து வேலை கொடுத்ததாக அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

ஹெப்பகோடியில் பெரிய அபார்ட்மெண்ட் ஒன்றின் காண்ட்ராக்டை நாகேஷ் ரொம்ப நாளாகக் குறிவைத்திருந்தார். அங்கே நடந்த கூட்டத்தில் ஒரு அம்மாள் அதே கேள்வியைக் கேட்டாள். வெள்ளையாய்க் கலக்கிய மக்கோடு நின்ற நோராவுக்கு நாகேஷ் கண்ணைக் காட்டினார்.

அவள் மக்கை அவரிடம் நீட்டினாள். "நீங்களே நக்குங்க சார். முதலாளி நக்கினா இவங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரும்."

"என்னம்மா இது, தமாஷா? எனக்கு அல்சர் இருக்கு."

"ஒரு விரல்தானே சார். என் வீட்டுக்காரர் வருஷக்கணக்கா நக்கினாரே."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நோரா மக்கை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். நாகேஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

நோரா மக்கைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். அந்த அம்மாள் பதறி எழுந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. தண்ணி ஊத்தின பால்தான்." நோரா வாயைத் துடைத்துக்கொண்டு நாகேஷிடம் திரும்பினாள். "பாலுக்கே இந்தப் பயம்னா, என் புருஷனை என்னத்த சார் நக்க வச்சீங்க?"

அவருக்குக் காண்ட்ராக்ட் போயிற்று, இவளுக்கு வேலை போயிற்று. சாயங்காலம் கிளிஃபர்டுக்குக் காப்பி புகட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"பின்னாடியே போனான். நாற்காலி தடுக்கி விழப் பார்த்தான்."

கிளிஃபர்ட் சிரித்ததில் காப்பி சட்டையெல்லாம் சிந்தியது. துடைக்கத் தூக்கிய கை நடுங்கிக்கொண்டு பாதியிலேயே நின்றது. நோரா துடைத்துவிட்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு," என்றான்.