கப்பலில் சீட்டுப் போடுகிறவர்

மணமேல்குடி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக்கிடையே உள்ளங்கைகளை விரித்து விரித்துக் காட்டினார். கப்பல் கேசினோவில் சீட்டுப் போடுகிற வேலையாம். எதையும் ஒளிக்கவில்லை என்று காட்டிப் பழகிய கை. மடியில் பையை வைத்து எனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தார்.

“ஒங்களுக்கு அஞ்சு சீட்டு, எனக்கு அஞ்சு. என்னோடதுல ஒன்னைத்தான் காட்டுவேன். பயந்தா நீங்க வெலகிக்கலாம், நான் வெலக முடியாதுங்க.”

“நான் தோத்தா ஒங்களுக்குக் கொண்டாட்டந்தான்!”

“அட போங்கண்ணே, தோத்தவுக மொகத்தைப் பார்த்துக்கிட்டே சீட்டை வாரணும்.”

அவருக்குப் பேசியிருந்த பெண் வீட்டில், கப்பலில் ஹோட்டல் வேலை என்று சொல்லியிருந்தாராம். சூதாடி என்று நினைத்துப் பெண் தர மறுப்பார்களோ என்று பயம்.

அவர் இறங்கியதும், நிறுத்தத்தில் காத்திருந்த வருங்கால மாமனார் கேட்டது ஜன்னல் வழியே எனக்கும் காதில் விழுந்தது: “கப்பல்ல சமையல் பக்கமா மாப்ளே?”

“இல்லங்க மாமா, சீட்டுப் போடுறேன்.”

பெரியவர் வாய் திறக்குமுன் பஸ் நகர்ந்துவிட்டது. கல்யாணம் நடந்திருக்கும் என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.