உரிக்காத கோப்பை

நேற்று வீட்டுக்காரர் புதுப் போன் வாங்கி வந்தார். திரையில் ஒட்டியிருந்த மெல்லிய தாளைச் சர்ரென்று ஒரே இழுப்பில் உரித்துப் போட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இப்படியா உரிக்கிறது? ஓரத்துல நகத்த வச்சு, மெதுவா..." என்றேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உரிக்கும் வேலையில் நான் எவ்வளவு ஊறியவள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கல்யாணத்துக்கு முன்பு நானும் என் சிநேகிதி ரெஜினாவும் யட்டியாந்தோட்டைப் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்தில் சும்மா கிடந்த புகையறையில் மண்பாண்டம் செய்துகொண்டிருந்தோம். ஒருகாலத்தில் ரப்பர் ஷீட் தொங்கவிட்டுப் புகைபோட்ட கட்டடம். சுவரைத் தொட்டால் கை கறுக்கும். லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சக்கரம் எங்கே பிடிபட்டது என்று கேட்பீர்கள். கேகாலையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு இரண்டு பேரும்தான் போனோம். அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நான் வைத்த மண் சக்கரத்தை விட்டு என் மடிக்கே வந்துவிடும்.

அவளிடம் ஒரு வழக்கம். ஒருதரம் சுட்ட கோப்பையில் ரப்பர் பாலைத் தொட்டுப் பூவோ இலையோ வரைவாள். காய்ந்ததும் கோப்பையை வெள்ளைப் பூச்சில் முக்கி எடுப்போம். பிறகு அந்த ரப்பர் கோட்டை உரித்தால் அந்த இடத்தில் மட்டும் செம்மண் தெரியும். அப்புறம் திரும்பவும் சூளை. பால் புளித்துக் கட்டியாவதற்குள் வரைய வேண்டும் என்பதால், அவள் அம்மா பால் வெட்டிக் கொண்டுவந்ததும் ரெஜினா உட்கார்ந்துவிடுவாள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அன்றைக்குச் சக்கரம் மட்டும். எங்கள் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

உரிப்பது என் வேலை. அவள் தொடவே மாட்டாள். "நான் உரிச்சா கொறதான் கண்ணுக்குத் தெரியும். நீ உரிடி, ஒன் மூஞ்சியப் பாத்தே நல்லாருக்கான்னு கண்டுக்கிறேன்" என்பாள். எதிரே குந்திக்கொண்டு, கோப்பையை விட்டு என் முகத்தையே பார்ப்பாள். அப்படி என் முகத்தை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

ஒருமுறை ஊர்க்கதை பேசிக்கொண்டே, உரிக்காமல் சூளையில் அடுக்கிவிட்டோம். கருகிய நாற்றம் மேல் லயம் வரைக்கும் போய்விட்டது. ஆபீஸில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "என்ன பிள்ளையள், டயரோ எரிக்கிறியள்?" ரெஜினா கொஞ்சமும் சிரிக்காமல், "கோப்பைங்க ஐயா. இதுல ஒரு டீ ஊத்தித் தரவா?" என்றாள்.

பிறகு அவளுக்கு இத்தாலி மாப்பிள்ளை அமைந்தது. போவதற்கு முந்தின நாள் ஒரே ஒரு கோப்பையில் ரப்பர் இலை வரைந்து, பூச்சில் முக்கி என் கையில் தந்தாள்.

"இத மட்டும் உரிச்சிராத. நான் லீவுல வருவேன்ல, அப்ப உரி. ஒன் மூஞ்சிய நான் பாக்கணும்."

"ஹரி ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "சீக்கிரம் வந்துரு" என்றேன். அழக்கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தேன். எங்கே முடிந்தது!

அவள் வரவில்லை. முதலில் விசா, அப்புறம் பிள்ளைகள். பிறகு அம்மாவையும் அங்கேயே கூப்பிட்டுக்கொண்டாள். புகையறையையும் சூளையையும் இடித்துவிட்டார்கள். ரப்பரை வெட்டி முள்ளுத்தேங்காய், அதுதான் எண்ணெய்ப்பனை, வைத்த மலையில், எங்கள் லயம் எங்கே இருந்தது என்று எனக்கே தடுமாறுகிறது. கோப்பை மட்டும் என்னோடு வரக்காப்பொலைக்கு வந்து அலுமாரியில் இருக்கிறது.

நேற்று அதை எடுத்து ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்த்தேன். ரப்பர் கறுத்து இறுகித் தூளாக உதிர்ந்தது. இனி அது உரியாது. மனசு கேட்கவில்லை, ரெஜினாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் கோப்பையைக் காட்டினேன்.

"அட, நல்லாருக்கேடி! யாரு செஞ்சது?" என்றாள்.

அவள் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"எங்க தோட்டத்துல ஒருத்தி இருந்தா" என்றேன்.