நல்ல நேரத்தில் நின்றுபோன கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று எனக்கு ஃபோன் செய்கிற யாரும், முதலில் அதன் தலையில் நாலு தட்டுத் தட்டாமல் செய்வதில்லை. தட்டிப் பயனில்லை. உள்ளே பல வேலைகள் வரிசையில் நிற்கின்றன. அதில் எது மற்றதை வழிமறிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்த உங்களுக்கு, ஒரே கல்யாணத்துக்காக நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

பத்தரை மணி

சுசீந்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பெருமாள் பதறியடித்து அழைத்தார். திங்கட்கிழமை இரணியல் பக்கம் ஒரு சர்ச்சில் கல்யாணம். பெண்ணின் அப்பா யேசுதாஸுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் ஃபோனில் நேரலையாகத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு பெருமாள் தலையில். அவருடைய கம்ப்யூட்டரோ தினமும் காலை பத்தரைக்கு உறைந்துபோகிறது.

போய்ப் பார்த்தேன். வைரஸ் சோதனை, ஃபோட்டோக்களைப் பிரதி எடுப்பது, புதுப்பிப்பு எல்லாமே சரியாகப் பத்தரைக்குக் கிளம்பி, ஒரே வாசலில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. தினசரி காலண்டரில் ஒரு நாளைக்கு நல்ல நேரம் பார்த்து, எல்லா நாளுக்கும் அதையே வைத்தவர் பெருமாளேதான். ஒவ்வொன்றையும் வேறு வேறு நேரத்துக்கு மாற்றினேன். அவருக்கு மனமே இல்லை.

"நல்ல காரியத்த நல்ல நேரத்துலதானக்கா செய்யணும்? ராகுகாலத்துலயா வைரஸப் பிடிப்பாவ?"

மேலே ஏறிய பாட்டு

அதன் பிறகும் பெருமாளுக்குப் பயம் விடவில்லை. சர்ச்சில் இருக்கும் புதுக் கம்ப்யூட்டரிலேயே நேரலையை விடலாம் என்றார். சனிக்கிழமை ஒத்திகை. ஜெபம் நடக்கும்போது படம் பளிச்சென்று ஓடியது; பாடகர் குழு வாயைத் திறந்ததும் நின்றுபோனது. மறுபடி ஜெபம், ஓட்டம். மறுபடி பாட்டு, நிறுத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு அளவெடுக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். எந்த வேலை எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கிறது என்று நொடிக்கு நொடி எழுதிவைக்கும். குட்டு வெளிப்பட்டது. திரையில் பாட்டு வரிகளைக் காட்டும் புரோகிராமுக்கு யாரோ உச்சபட்ச முன்னுரிமை கொடுத்திருந்தார்கள். அது அசைந்தால் மற்ற எல்லாம் கைகட்டி நிற்க வேண்டும். செய்தவர் சர்ச் செக்ரட்டரி ஞானதாஸ் அண்ணன். பாட்டு கர்த்தருடையது, அதற்குத்தான் முதலிடம் என்று ஒவ்வொரு ஞாயிறும் தன் கையாலேயே மாற்றி வைப்பாராம். அதை மற்றவற்றோடு சமமாக, 'நார்மல்' என்ற இடத்துக்கு இறக்கினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ கர்த்தரு நார்மலாக்கும், இல்லியா பிள்ளே?"

கடைசி வழிமறியல்

திங்கட்கிழமை. சர்ச் நிறைய ஜனம். பாட்டுக்கும் படம் நிற்கவில்லை; ஞாயிறன்று ஞானதாஸ் அண்ணன் எதையும் மாற்றாமல் விட்டிருந்தார். நான் மிதப்பாக உட்கார்ந்திருந்தேன். போதகர் தாலியைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து யேசுதாஸ் என்னை அழைத்தார்: "மக்ளே, படம் நிண்ணு போச்சு!" அவர் குரல் உடைந்திருந்தது.

ஞானதாஸ் அண்ணனைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. போதகர் காதில் ஏதோ சொன்னார், பாடகர் குழுவைப் பார்த்துத் தலையசைத்தார். பாடி முடித்த பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நான் வரிசையைப் பார்த்தேன். எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு நின்றது, சனிக்கிழமை நான் ஓடவிட்டு மூட மறந்த அதே அளவெடுக்கும் புரோகிராம்! இரண்டு நாளாக எழுதி எழுதி வீங்கியிருந்தது. மூடினேன். படம் ஓடியது. பாட்டு முடிந்ததும் தாலி ஏறியது. குலவை கேட்டது, நான் அழுதேவிட்டேன், வெட்கமென்ன.

விருந்தில் இருக்கும்போது யேசுதாஸ் மறுபடி அழைத்தார். அழுகையும் சிரிப்புமாகப் பேசினார்.

"எல்லாம் கண்ணு நிறைய பாத்தேன் மக்ளே. ஆனா அந்தப் பாட்ட எதுக்காக்கும் ரெண்டு வட்டம் பாடுனாவ?"

அன்றிலிருந்து எந்தக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும், நான் திறந்துவைத்ததை மூடிவிட்டுத்தான் ஊரார்மேல் சந்தேகப்படுகிறேன்.