ராஜாவுக்கு ஓர் அரசாங்க நாற்காலி

அரசாங்க நாற்காலி ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோவது எப்படி என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். விண்ணப்பம், பரிந்துரை, ஆணை, தளவாடப் பதிவேட்டில் கையெழுத்து. திரும்பி வந்ததும் கால் நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்து இன்னொரு கையெழுத்து. முப்பது வருஷத்துக்கு மேல் வருவாய்த் துறையில் இருந்து, சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவள் நான். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் ஒரு நாற்காலி வெளியே போனதை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கொண்டுபோனவர் என் தாய்மாமா. அதில் அமர்ந்தவர் இயேசு.

மாமா ஒரு சப் கலெக்டர் அலுவலகத்தில் டவாலி. அதாவது, வெள்ளை உடுப்பின் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் மாட்டிக்கொண்டு, அதிகாரிக்கு முன்னால் நடந்து கூட்டத்தை விலக்குகிற ஆள். யார் வந்தால் யார் எழ வேண்டும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்பா இறந்த பிறகு எங்களை வைத்துக் காப்பாற்றியவர் அவர்தான். அம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டப் போவாள். ஆனாலும் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பித்தளை வில்லையால்தான் என்று அவளே சொல்வாள்.

சாத்தூர்ப் பக்கத்தில் எங்களுடையது சின்ன ஊர், சின்ன சர்ச். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு, சர்ச்சைக் கவனித்துவந்த உபதேசியார் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். குழந்தை இயேசுவாக நடித்த செல்லுலாய்டு பொம்மையை வைக்கோலில் கிடத்தியிருந்ததை மாமா பார்த்துவிட்டார்.

"என்ன உபதேசியாரே, ராஜா வாராரு, ராஜா வாராருன்னு ஒரு மாசமாப் பாடுதீக. வந்தவர வைக்கோல்ல போட்டா எப்படி?"

"தொழுவத்துலதாம்யா பொறந்தாரு. வேதத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு."

"அது அந்த ஊர்க்காரன் செஞ்ச தப்பு. சத்திரத்துல எடம் இல்லைன்னுட்டான். நம்ம ஊருக்கு வந்தா நாம மரியாத செய்ய வேண்டாமா? ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தாலே ஓடி ஓடிச் சேர் தேடுதோம்!"

"நல்ல சேருக்கு நான் எங்கன போவேன்?"

"அத எங்கிட்ட விடுங்க."

உபதேசியார் விட்டுவிட்டார். அதுதான் தவறு.

இருபத்து நாலாம் தேதி மத்தியானம் தீப்பெட்டிக் கம்பெனி வேன் ஊருக்குள் வந்தபோது, அதன் கூரைமேல் கயிறு கட்டி ஒரு தேக்கு நாற்காலி இருந்தது. இரண்டு பக்கமும் அகலமான கைப்பிடிகள், பின்னால் வெள்ளைப் பெயின்டில் எழுதிய எண், சாய்மானத்தில் அதிகாரிகளுக்கே உரிய வெள்ளைப் பூத்துவாலை. வேனிலிருந்து இறங்கிய பெண்கள் சிரித்தார்கள். "டவாலியண்ணன் சீர் கொண்டாறாக, வழி விடுங்கடி!"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எண்ணைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, இது யாரு சேரு?"

"கேக்காத."

"ஆபீஸ் சேரா? ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? வேல போச்சுன்னா நாம என்ன செய்ய?"

"சப் கலெக்டரு அச்சங்குளத்துப் பக்கம் வெடிக் கம்பெனிகளப் பாக்கப் போயிருக்காரு. ரெண்டு நாளு காம்ப்பு. வாறதுக்குள்ள கொண்டுபோயி வச்சிருவேன். ராஜாவுக்கு ரெண்டு நாள் குடுத்தா சேரு தேஞ்சா போயிரும்?"

நாலு மணிக்கு நாடகம். பொம்மை நாற்காலியில் பூத்துவாலைமேல் கிடந்தது. பக்கத்தில் மாமா முழு உடுப்பில், பட்டையும் வில்லையும் பளபளக்க நின்றார். நான் தேவதூதன். சிவகாசி அச்சகமொன்றில் காலண்டருக்கு ஓரம் வெட்டிய தங்க நிறக் காகிதத்தில் எனக்கு இறக்கை செய்திருந்தார்கள். "இதோ, ராஜா!" என்று சொல்லி, உட்கார்ந்திருக்கும் சனத்தை எழுப்பிவிடுவது என் வேலை.

சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது.

உபதேசியார் வருஷாவருஷம் எல்லா அதிகாரிகளுக்கும் அழைப்பிதழ் அனுப்புவார். ஒருவரும் வர மாட்டார்கள். வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அனுப்புவார். இந்த சப் கலெக்டர் வடக்கிலிருந்து வந்த இளைஞர். இந்த விவரம் அவருக்குத் தெரியவில்லை. காம்ப் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, போகிற வழியில் இறங்கிவிட்டார்.

கூட்டம் வழி விட்டது. வழி விலக்க வேண்டிய மாமா அசையவில்லை. அதிகாரி நேராக முன்னால் வந்து, நாற்காலியைப் பார்த்தார். பூத்துவாலையைப் பார்த்தார். குனிந்து, பின்னால் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"இது எங்கிருந்து வந்தது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

மாமா பதிலுக்குப் பூத்துவாலையின் சுருக்கத்தை நீவிவிட்டார். இறக்கை கட்டியிருந்ததால் கேள்விக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒங்க ஆபீஸ்லேருந்துதான் சார். மாமாதான் கொண்டாந்தாக. ராஜா இருக்கையில வேற யாரும் ஒக்காரப்படாது, நீங்களும்தான். மாமா சொல்லியிருக்காக."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் "அய்யோ" என்றது. உபதேசியார் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, வேட்டி நுனியால் துடைத்துப் போட்டார். அதிகாரி வேண்டாம் என்று தலையசைத்தார். பொம்மையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மாமாவிடம் கேட்டார்:

"நான் எங்கே நிற்க வேண்டும்?"

இருபது வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவர் மாமா. பயம் ஒரு பக்கம் இருக்க, வாய் தானாகச் சொன்னது. "வலது பக்கம் சார். ரெண்டடி தள்ளி."

அதிகாரி சரியாக இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மேய்ப்பர்கள் வந்தார்கள், நிஜ ஆட்டுக்குட்டி ஒன்று வந்து மேடையை அசுத்தம் செய்தது, மூன்று ஞானிகளில் ஒருவன் வசனத்தை மறந்து அழுதான். ஒரு மணி நேரம் அவர் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். அவர் நின்றதால் ஊரில் ஒருவரும் உட்காரவில்லை. என் வேலை மிச்சம்.

முடிந்ததும் மாமா நாற்காலியில் கை வைத்தார். "சார், இப்பவே கொண்டுபோயி..."

"நாளைக்குத்தானே பிறந்த நாள்? இருக்கட்டும். மறுநாள் கொண்டுவாருங்கள்."

இருபத்தைந்தாம் தேதி எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்று ஒன்று நடக்கவில்லை. அம்மா சமைத்ததை யாரும் தொடவில்லை. மாமா வில்லையைப் புளி போட்டுத் தேய்த்து, திருப்பிக் கொடுப்பதற்காகக் காகிதத்தில் மடித்து வைத்தார். இருபத்தாறாம் தேதி காலை அதே வேன் கூரையில் நாற்காலியும், உள்ளே பெண்களுக்கு நடுவில் அவருமாகப் போனார்கள். சாயங்காலம் வில்லையை மாட்டிக்கொண்டே திரும்பி வந்தார். "ஒண்ணும் கேக்கலை. சேர்ல ஒக்காந்தாரு, ஃபைல எடுத்தாரு" என்றார். அம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

விளக்கம் கேட்கும் குறிப்பாணைகளை நான் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். இதற்கு மூன்று வரி போதும்: அனுமதியின்றி எடுத்தது, அரசு உடைமை, மத நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தியது. மூன்றாவது வரியே மாமாவை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். அந்த மூன்று வரியை ஒருவர் எழுதாமல் விட்டதால் நான் படித்தேன், தேர்வு எழுதினேன், வேலைக்குப் போனேன். வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில், ராஜா பிறந்தார் என்று பாடும்போதெல்லாம், அந்த ராஜாவுக்குச் சமமாக உட்கார மறுத்த அந்த மனிதருக்காகவும் நன்றி சொல்கிறேன். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. நாங்களெல்லாம் ராஜா என்று பாடிக்கொண்டிருந்தோம்; அவர் ஒருவர்தான் அதை நம்பியவர்போல நடந்துகொண்டார்.

இதெல்லாம் இப்போது புரிந்தது. நாடகம் முடிந்த அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் அம்மாவும் மாமாவும் வாயே திறக்காமல் முழங்காலில் இருந்தார்கள். யாராவது ஜெபித்தாக வேண்டுமே என்று நான் ஆரம்பித்தேன். அந்த சார் பாவம், கால் வலிக்க வலிக்க நின்றார், அடுத்த கிறிஸ்துமசுக்குள்ளாவது அவருக்கென்று ஒரு நல்ல நாற்காலி கிடைக்கப் பண்ணும் ஆண்டவரே என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனமுருகிக் கேட்டேன்.