பைக்குள் அடித்த மணி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் தோல் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். தோலைத் தொடுமுன் மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஒரு கீறல் விழுந்தால் தோல் வீண். அன்று ஆர்டர் கொடுக்க வந்திருந்த பிரான்ஸ்காரரும் தன் தங்கப் பாக்கெட் கடிகாரத்தைக் கழற்றினார். கொள்ளுத் தாத்தா காலத்துப் பொருளாம். தலையிலுள்ள குமிழை அமுக்கினால் உள்ளேயிருக்கும் குட்டிச் சுத்தியல்கள் அப்போதைய நேரத்தை அடித்துச் சொல்லும். மணிக்கு ஒற்றை அடி, ஒவ்வொரு கால் மணிக்கும் இரட்டை அடி. எங்கள் எல்லோருக்கும் ஒருமுறை அமுக்கிக் காட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

வேலை முடிந்து அவர் கேட்டபோது, "டேபிள்லதான் வச்சேன்" என்று சத்தியம் செய்தேன். டேபிளில் இல்லை. தோல் அடுக்கிய ஆறு பெண்களையும் வரிசையாக நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னேன். டிபன் பாக்ஸைக்கூட விடவில்லை.

"அத வச்சி நாங்க இன்னா சார் பண்ணப் போறோம்?" என்றாள் ஒருத்தி.

"வாய மூடு" என்றேன். பிரான்ஸ்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார். எனக்குத்தான் வீறாப்பு.

கடைசியாக நின்ற அம்மாவின் பையை எட்டிப் பார்க்க டேபிள் விளிம்பில் சாய்ந்தேன். என் கோட்டுப் பைக்குள் மணி அடித்தது. தோலின் தடிமன் அளக்கும் கருவி எப்போதும் கிடக்கும் பை அது. பழக்கத்தில் கடிகாரத்தையும் அதிலேயே போட்டிருக்கிறேன்; கூடுதல் கனம் எனக்கு உறைக்கவே இல்லை. அதை நிறுத்தவும் தெரியவில்லை. ஐந்து ஒற்றை அடி, இரண்டு இரட்டை அடி. சாவகாசமாக அடித்து முடித்தது.

பையைத் திறந்து பிடித்தபடியே அந்த அம்மா சொன்னார்:

"அஞ்சரை சார். எங்க ஒடுகத்தூர் பஸ் போயிருக்கும்."